வக்காலத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில், மூன்று வழக்கறிஞர்கள் மட்டுமே உள்ள அலுவலகத்தில் ஜூனியராக இருக்கிறேன். விபத்து இழப்பீட்டு வழக்குகளில், கிடைக்கும் தொகையில் நான்கில் ஒரு பங்கு ஃபீஸ் என்று சீனியர் முதலிலேயே பேசிவிடுகிறார். ஏற்காட்டு மலைப்பாதையில் லாரி மோதி இறந்த காபித் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மனைவியிடம், தொகை நிரப்பாத காசோலைகளில் கையெழுத்து வாங்கி வரும்படி இப்போது என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர், குடும்பக் கஷ்டத்தில் உதவியவர். நியாயம் பேசினால், "எல்லா ஆபீஸிலும் இதுதான்மா" என்று சிரிக்கிறார். வேலையை விட்டுவிடலாமா? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. எல்லா அலுவலகங்களிலும் நடக்கிறது என்பதால் அது விதியாகிவிடாது.

உங்கள் சீனியரின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. முன்பணம் தர முடியாத குடும்பத்துக்காக ஆவணங்களுக்கும் சாட்சிகளுக்கும் அலுவலகமே செலவு செய்கிறது. வழக்கு தோற்றால் அந்தப் பணம் திரும்பாது. ஆனால் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, இறந்தவரை நம்பி இரண்டு அல்லது மூன்று பேர் இருந்தால், அவர் உயிரோடிருந்து தமக்காகச் செலவழித்திருக்கக்கூடியது என்று வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குகிறார்கள். அதாவது, இறந்தவரின் சாப்பாட்டுச் செலவைக்கூடக் கழித்த பிறகு மனைவி மக்களுக்கென்று நிற்கும் பணம் அது. அதில் நான்கில் ஒன்றை வாங்குவது, நீங்கள் பார்த்த வேலைக்கான கூலி என்ற அளவைத் தாண்டிவிடுகிறது.

காசோலை விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அதை நீங்கள் வாங்கக் கூடாது. சீனியருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறீர்கள் என்பது உண்மை. ஆனால் வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த அதிகாரம் தரும் பத்திரத்தில், உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்குமானால் அந்த அம்மாள் உங்களுக்கும் கட்சிக்காரர்தான். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின் கீழ் நாளை ஒரு புகார் வந்தால், சீனியர் சொன்னார், செய்தேன் என்ற பதில் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

சீனியரிடம் தனியாகப் பேசுங்கள். குமாஸ்தாவின் முன்னால் பேசினால் அது மானப் பிரச்சினையாகிவிடும். குற்றச்சாட்டாக இல்லாமல் ஒரு மாற்று ஏற்பாடாகச் சொல்லுங்கள்: வேலைக்கேற்ற ஒரு நிலையான ஃபீஸ், செலவுகளுக்குத் தனிக் கணக்கு, வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது. ஃபீஸை இழப்பீடு வந்த பிறகு வாங்கிக்கொள்வது வேறு, இழப்பீட்டில் பங்கு வாங்குவது வேறு. இந்த இடத்தில்தான் சீனியர் உங்கள் பேச்சுக்குக் காது கொடுக்க வாய்ப்பிருக்கிறது. அந்த அம்மாளுக்கோ, 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்பதாலேயே வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அவர் அணுகலாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சேலத்து வக்கீல்களிடையே இலட்சியம் என்ற பேச்சு வந்தாலே, ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் தொழிலைத் துறந்த இராஜாஜியைத்தான் சொல்வார்கள். அவர் அதற்கு முன் 1900-இலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இதே ஊரில் கட்சிக்காரர்களிடம் ஃபீஸ் வாங்கி நன்றாகவே சம்பாதித்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. நல்ல ஃபீஸ் வாங்குவதில் தவறில்லை என்பதால், இந்தத் தொழிலையே வெறுத்து நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. சீனியர் பங்குப் பேச்சைக் கைவிட மறுத்தால் மட்டும் வேறு அலுவலகம் பாருங்கள். அப்போதும் கட்சிக்காரர்களுக்கு உரிய முன்னறிவிப்புக் கொடுத்தே வக்காலத்திலிருந்து விலக வேண்டும். வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஃபீஸ் பாக்கிக்காகக்கூட வழக்கறிஞர் கட்டுகளைப் பிடித்து வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்திருக்கிறது, அவை கட்சிக்காரருடையவை.

இந்தப் பேச்சை இழப்பீட்டு உத்தரவு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு உங்கள் சீனியருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராது, அந்த அம்மாளுக்கும் எதிர்த்துக் கேட்கத் துணிவு இருக்காது.