நரிக்கும் நாய்க்கும் பொதுவான உண்ணிக்காய்ச்சல்: கேள்வி பதில்

நாய் வளர்ப்பவர்: எங்கள் நாய்க்கு உண்ணிக்காய்ச்சல். டாக்டர் 'பபேசியா கிப்சோனை' என்கிறார். நரியிடமிருந்து வருமாமே?

பதில்: ரத்தச் சிவப்பணுவுக்குள் வாழும் இந்த நுண்ணிய ஒட்டுண்ணியின் கதை சென்னையில்தான் தொடங்குகிறது. பேட்டன் என்பவர் இதை மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களிடம் முதலில் கண்டார், பிறகு நரியின் ரத்தத்திலும் கண்டார். 1910-ல் அதை எழுதினார். ஆக, இருவருக்கும் பொதுவானதுதான். ஆனால் உங்கள் நாய்க்கு நரிதான் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன். நரியையே பார்க்காத நகரத்து நாய்க்கும் இது வருகிறது. உண்ணி, நாய்ச்சண்டையில் பட்ட கடி, சோதிக்காமல் ஏற்றிய ரத்தம், தாயிடமிருந்து குட்டிக்கு என்று வழிகள் பல.

கால்நடை மருத்துவ மாணவி: ரத்தத்தை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரியுமே சார், மரபணு ஆய்வு எதற்கு?

பதில்: நல்ல கேள்வி அம்மா. ஒரு காலத்தில் சிவப்பணுவுக்குள் சின்னதாக எது தெரிந்தாலும் கிப்சோனை என்றே எழுதினார்கள். கலிபோர்னியா நாய்களிடம் கண்டதையும் அப்படித்தான் எழுதினார்கள். மரபணுவைப் படித்துப் பார்த்தால் அது தனி இனம். 2006-ல் பபேசியா கான்ரடே என்று பெயர் வைத்தார்கள். அங்கே கயோட்டி என்ற நாய் இன விலங்கின் வேட்டைக்குப் போகும் நாய்களிடம் அது தென்பட்டது, பின்னர் கயோட்டிகளின் ரத்தத்திலும். ஐரோப்பாவின் செந்நரிகளிடம் பரவலாக இருப்பது மூன்றாவது இனம், பபேசியா வல்பிஸ். மைக்ராஸ்கோப்பில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒட்டுண்ணியின் 18எஸ் என்ற மரபணு மெதுவாக மாறுவதால் எந்த இனம் என்று சொல்லிவிடும். ஒரே இனத்துக்குள் இருக்கும் கிளைகளைப் பிரிக்க அதன் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்குச் சக்தி தரும் பகுதி) உள்ள சைட்டோகுரோம் பி என்ற மரபணு உதவும்.

அதே மாணவி: இனம் தெரிந்தால் சிகிச்சை மாறுமா?

பதில்: மாறும். அளவில் பெரிய இன்னொரு பபேசியா இனமான வோகெலி, இமிடோகார்ப் என்ற மருந்தின் ஊசிக்குக் கேட்கும். கிப்சோனை சரியாகக் கேட்காது. அதற்கு அடோவாகுவோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்போம். சைட்டோகுரோம் பி-யில் ஓரிடம் மாறிவிட்டாலே அடோவாகுவோனுக்கும் கேட்காமல் போகலாம். இந்த வேறுபாடுகளை நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

தோட்டக்காரர்: அப்போ நரிகளை ஒழித்துவிட்டால்?

பதில்: தயவுசெய்து வேண்டாம் ஐயா. தென்னாப்பிரிக்காவில் கருமுதுகு நரிகள் பபேசியா ராசை என்ற இன்னொரு இனத்தைச் சுமந்துகொண்டு நலமாகவே திரிகின்றன. வீட்டு நாய்களோ அதே கிருமியால் சாகின்றன. நரிக்கும் அதற்கும் நெடுங்காலப் பழக்கம், நாய் பிறகு வந்து மாட்டிக்கொண்டது. இங்கே நாய்க்கு நாய் பரவுவதை நரியைக் கொன்று நிறுத்த முடியாது.

இன்னொருவர்: எங்கள் நாய் உண்ணியைத் தானே கடித்துத் தின்றுவிடுகிறது. பரவாயில்லையா?

பதில்: விடாதீர்கள். ஹெப்படோசூன் கேனிஸ் என்ற வேறொரு ரத்த ஒட்டுண்ணி, உண்ணி கடிப்பதால் வருவதில்லை. அந்தக் கிருமி உள்ள உண்ணியை விழுங்குவதால் வருகிறது. காது மடலையும் விரலிடுக்கையும் தினமும் பார்த்து நீங்களே எடுத்துவிடுங்கள்.