பொருந்தாத ராஸ்டர் அடுக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செண்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் பிக்சல் 10 மீட்டர், எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு சுமார் 30 மீட்டர், வேர்ல்ட்கிளிம் மழைத் தரவு சுமார் 1 கி.மீ. இந்த மூன்று ராஸ்டர்களையும் (பிக்சல் கட்டங்களால் ஆன அடுக்குகள்) ஒரே எல்லைக்கு வெட்டிய பிறகும், ஆர் மொழியின் டெர்ரா தொகுப்பில் அடுக்கும்போது எக்ஸ்டென்ட் (எல்லைப் பரப்பு) பொருந்தவில்லை என்றே பிழை வருகிறது. ஏன்?

பதில்: வெட்டுவதால் கட்டம் மாறாது. ஒவ்வொரு ராஸ்டரும் தன் பிக்சல் விளிம்பில்தான் வெட்டுப்படும். 10 மீட்டர் பிக்சலின் விளிம்பும் 1 கி.மீ. பிக்சலின் விளிம்பும் ஒரே இடத்தில் விழ வாய்ப்பு குறைவு. அடுக்குகள் ஒட்ட வேண்டுமானால் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையான ப்ரொஜெக்‌ஷன், பிக்சல் அளவு, கட்டம் தொடங்கும் புள்ளி, எல்லை எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு அடுக்கை வார்ப்புருவாக, அதாவது மற்றவை பின்பற்றும் மாதிரிக் கட்டமாக, முடிவு செய்யுங்கள். நுண்மையான அடுக்குதான் வார்ப்புரு என்று பலர் தாமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது தவறான தேர்வு. 1 கி.மீ. மழைப் பிக்சல் ஒன்றை 10 மீட்டருக்கு உடைத்தால் ஒரே தகவல் 10,000 பிக்சல்களில் பரவும். கோப்பு வீங்கும், தகவல் கூடாது. அதை ரெக்ரஷன் என்ற புள்ளியியல் பகுப்பாய்வில் போட்டால் மாதிரி எண்ணிக்கை பெருகியதுபோல் தெரியும். பி-மதிப்பு (முடிவு தற்செயலா என்று மதிப்பிட உதவும் எண்) பொய்யாகச் சிறுக்கும். ஆய்வின் மையம் மழை என்றால் 1 கி.மீ.க்கே போங்கள். நிலச்சரிவும் தாவரமும்தான் மையம் என்றால் உங்கள் மூன்று அடுக்குக்கும் 30 மீட்டர் போதும்.

30 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். செண்டினலை 'அக்ரிகேட்' கட்டளையில் 3 மடங்கு, சராசரி முறையில் திரட்டுங்கள். ஒன்பது பிக்சல் ஒன்றாகும். இதுவே வார்ப்புரு. பிறகு எஸ்ஆர்டிஎம், மழை இரண்டையும் 'ப்ராஜெக்ட்' கட்டளையில் இந்த வார்ப்புருவையே இலக்காகக் கொடுத்து, பைலீனியர் முறையில் (அருகிலுள்ள நான்கு பிக்சல்களின் எடையிட்ட சராசரி) ஒரே வீச்சில் மாற்றுங்கள். முதலில் ப்ரொஜெக்‌ஷன், அப்புறம் ரீசாம்பிள் (புதிய கட்டத்துக்கு மாற்றுவது) என்று இரண்டு தடவை போனால் இரண்டு தடவை இடைக்கணிப்பு நடந்து மதிப்புகள் மழுங்கும். உயரத்துக்கு நியரஸ்ட் நெய்பர் (மிக அருகிலுள்ள ஒரே பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் முறை) வேண்டாம். சரிவு கணக்கிடும்போது படிக்கட்டுக் கோடுகள் வரும்.

சரிவையும் சரிவுத் திசையையும் உயரத்தைப் பொருத்திய பிறகே கணக்கிடுங்கள். திசையை நேரடியாக ரீசாம்பிள் செய்தால் 359 பாகையும் 1 பாகையும் சேர்ந்து 180 ஆகும். வடக்கு பார்த்த சரிவு தெற்கு பார்க்கும். முடிவில் அடுக்குகளின் கட்டங்களை ஒப்பிடும் 'கம்பேர்ஜியாம்' கட்டளை மெய் என்று சொன்னால் அடுக்கலாம்.

க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இதே வேலையை 'அலைன் ராஸ்டர்ஸ்' கருவி செய்யும். அதில் ஒவ்வொரு அடுக்குக்கும் ரீசாம்பிளிங் முறையைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது.

கேள்வி: வேர்ல்ட்கவர் நிலப்பயன்பாட்டு வரைபடத்தை 10 மீட்டரிலிருந்து பெரிய பிக்சலுக்கு மாற்றினேன். 45 என்றெல்லாம் எண் வருகிறது. நகர ஓரங்களில் இல்லாத புல்வெளி முளைக்கிறது.

பதில்: சராசரி அல்லது பைலீனியர் கொடுத்திருக்கிறீர்கள். அந்த எண்கள் வகைக் குறியீடு மட்டுமே, அளவு அல்ல. பயிர் 40, கட்டடம் 50. நடுவில் 45 என்று வகையே கிடையாது. அதுவாவது கண்ணில் படும். மரம் 10, கட்டடம் 50 சேர்ந்தால் சராசரி 30. அதுதான் புல்வெளியின் குறியீடு! இந்தப் பிழை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

பெரிய பிக்சலுக்குப் போகும்போது 'மோட்', அதாவது அதிகம் வரும் வகை. சிறிய பிக்சலுக்கு நியரஸ்ட் நெய்பர். ஆனால் மோட் பெரும்பான்மையைத்தான் பார்க்கும். ஓடை, மரவரிசை போன்ற மெல்லியவை அழிந்துவிடும். அவை முக்கியம் என்றால் வேண்டிய வகைக்கு (மரம் என்று வையுங்கள்) 1, மற்றதற்கு 0 என்று மாற்றி, அதன் பிறகு சராசரி எடுங்கள். 0.35 வந்தால் அந்தப் பிக்சலில் 35 விழுக்காடு மரம் என்று பொருள். மோட் வரைபடத்தைவிட இது பகுப்பாய்வுக்கு எப்போதும் பயன் தரும் என்பது எங்கள் கருத்து.

மக்கள்தொகை எண்ணிக்கை அடுக்குக்கு இரண்டுமே ஆகாது. அதற்குக் கூட்டல் முறை. அடர்த்தி என்றால் சராசரி. எண்ணிக்கை அடுக்கில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். பெரிதாக விலகினால் முறை தவறு.

கேள்வி: லேண்ட்சாட், செண்டினல் செயற்கைக்கோள் படங்கள் இரண்டையும் 30 மீட்டருக்குக் கொண்டுவந்தும் அரைப் பிக்சல் தள்ளி நிற்கிறது.

பதில்: லேண்ட்சாட்டில் 30 மீட்டரின் மடங்கான ஆயத்தொலைவில் விழுவது பிக்சலின் மையம், விளிம்பு 15 மீட்டர் தள்ளி இருக்கும். செண்டினலில் விளிம்பே மடங்கில் விழும். பிக்சல் அளவை மட்டும் கொடுத்தால் இந்த 15 மீட்டர் அப்படியே நிற்கும். ராஸ்டர்களை மாற்றும் ஜிடால்வார்ப் கட்டளையில் செண்டினல் வார்ப்புருவின் எல்லை எண்கள் நான்கையும் பிக்சல் அளவோடு சேர்த்துக் கொடுத்து லேண்ட்சாட்டை மாற்றுங்கள். கூடவே நோடேட்டா (தரவு இல்லாத இடத்தைக் குறிக்கும்) மதிப்பு கோப்பில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். -9999 வெறும் எண்ணாக இருந்தால் அதுவும் இடைக்கணிப்பில் கலந்து, படத்தின் ஓரங்களில் நம்பமுடியாத எதிர்மறை மதிப்புகள் வரும்.