ஓடியது சரி, ஓட்டியது யார்?

கேள்வி: அமெரிக்காவில் 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் அரசாங்கத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். அதனால் குடி முழுகிவிட்டதா என்ன? நாடு ஓடத்தானே செய்தது? அப்படியானால் அரசு ஊழியர்களில் பாதிப் பேர் தண்டச் சம்பளம் என்றுதானே அர்த்தம்? நம் ஊரிலும் ஒருமுறை மூடிப் பார்த்தால் என்ன?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: ஓடியது, மறுக்கவில்லை. சம்பளம் வாங்காமல் சில லட்சம் பேர் ஓட்டினார்கள், அதனால் ஓடியது.

'மூடினார்கள்' என்று சொல்லும்போது நமக்குக் கண்ணில் வருவது ஷட்டரை இழுத்துப் பூட்டுப் போட்ட கடை. அங்கே நடப்பது வேறு. அவர்களுக்கு நிதியாண்டு அக்டோபர் 1-ல் பிறக்கிறது. அதற்குள் காங்கிரஸ் (நம் கட்சி அல்ல, அவர்களுடைய நாடாளுமன்றம்) 12 ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் சில வாரங்களுக்கு ஒரு தற்காலிக ஏற்பாடாவது செய்ய வேண்டும். இரண்டுமே நடக்கவில்லையென்றால் கஜானாவில் பணம் இருக்கும், ஆனால் எடுத்துச் செலவழிக்க அதிகாரம் இருக்காது. இந்த முறை தகராறு மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிப்பது பற்றி. காங்கிரஸின் மேலவையான செனட்டில், தேவையான 60 ஓட்டு சேரவில்லை. அவ்வளவுதான் கதை.

பணம் நின்றதும் ஊழியர்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இவர்கள் ஆர்வக்கோளாறில் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பார்த்தால்கூடக் குற்றம். ஒதுக்கீடு இல்லாத நேரத்தில் இலவசமாகக்கூட உழைப்பை வாங்கக் கூடாது என்கிறது 1884-ல் வேர்விட்ட ஒரு சட்டம். நூறு வருஷம் யாரும் அதை இவ்வளவு கறாராகப் படிக்கவில்லை. மசோதா தாமதமானாலும் அலுவலகங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. 1980-ல் அன்றைய அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பெஞ்சமின் சிவிலெட்டி, பணம் ஒதுக்காவிட்டால் வேலையை நிறுத்தத்தான் வேண்டும் என்று கருத்து எழுதிக் கொடுத்தார். இந்தக் கூத்தெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

இன்னொரு பகுதியினர் ஏழு லட்சத்துக்கும் மேல். உயிர், உடைமைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலை என்பதால் இவர்கள் வந்தே தீர வேண்டும். சம்பளம் மட்டும் பிறகு வரும். விமானங்களை இறக்கி ஏற்றும் கட்டுப்பாட்டு அதிகாரிகள், விமான நிலையத்தில் உங்கள் பையைச் சோதிப்பவர்கள், சிறைக் காவலர்கள் எல்லாரும் இதில் அடக்கம். அக்டோபர் கடைசியில் மெலிஸா புயல் ஜமைக்காவைப் புரட்டிப் போட்டதே, அதன் பாதையை மணிக்கணக்கில் கண்விழித்துக் கணித்துச் சொன்ன வானிலைக்காரர்களும் இதில்தான் வருகிறார்கள். புயல் எச்சரிக்கை ஒழுங்காக வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் 'நாடு ஓடியது' என்கிறோம்.

நம் வீடுகளில் ஒன்றாம் தேதி சம்பளம் ஏழாம் தேதிக்குத் தள்ளிப்போனாலே என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால்காரர், வாடகை, பிள்ளையின் ஃபீஸ், இ.எம்.ஐ. என்று ஒவ்வொருவரிடமும் ஒரு சாக்கு. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி டாக்ஸி ஓட்டவும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கவும் கிளம்பியவர்கள் இருந்தார்கள். ஆள் பற்றாக்குறையும் அசதியும் சேர்ந்து, நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க அரசே உத்தரவு போட்டது. 2019-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அப்போது 35 நாள் மூடல், சுமார் எட்டு லட்சம் பேருக்குச் சம்பளம் இல்லை. ஜனவரி 25 காலையில் ஒரு சில கட்டுப்பாட்டு அதிகாரிகள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள். நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துக்கு வர வேண்டிய விமானங்கள் கொஞ்ச நேரம் நின்றன. அன்று ராத்திரிக்குள் மூடலே முடிவுக்கு வந்துவிட்டது! 34 நாள் பேசித் தீராதது, இரண்டு கை விரல்களை மடக்கி எண்ணிவிடலாம் போன்ற சிலர் வராமல் போனதில் தீர்ந்தது. இவர்களைத்தான் தண்டச் சம்பளம் என்கிறீர்கள்.

'எப்படியும் பாக்கிச் சம்பளம் வந்துவிடுமே' என்பீர்கள். நிரந்தர ஊழியர்களுக்கு வரும், 2019-ல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். (இந்த முறை அதிலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு உண்டா இல்லையா என்று வெள்ளை மாளிகைத் தரப்பு ஒரு சந்தேகத்தைக் கிளப்பி வயிற்றில் புளியைக் கரைத்தது. கடைசியில் கிடைத்தது.) ஆனால் அதே கட்டடத்தில் தரை துடைப்பவரும் கேன்டீனில் தட்டுக் கழுவுபவரும் வாசலில் நிற்கும் காவலரும் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். கட்டடம் மூடினால் வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. மூடல் முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொள்ளும் நாளிலும் அவர்களுக்கு அந்த ஆறு வாரம் போனது போனதுதான். மாதக் கடைசியில் நூறு டாலர் மிச்சம் பிடிக்கவே திணறுகிற கூட்டம் அது. செய்தித்தாளில் இவர்கள் கணக்கு வருவதேயில்லை, ஏனென்றால் இவர்கள் 'அரசு ஊழியர்' பட்டியலிலேயே கிடையாது.

அப்புறம் சாப்பாடு. ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் ஒரு அட்டையில் பணம் ஏற்றுவார்கள், அதைக் கொண்டு மளிகைக் கடையில் உணவுப்பொருள் வாங்கிக்கொள்ளலாம். நம் ரேஷன் கார்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கோடியே 20 லட்சம் பேர், அதாவது எட்டு அமெரிக்கர்களில் ஒருவர், அப்போது இதை நம்பி இருந்தார்கள். 2025 நவம்பர் 1-ல் அந்தப் பணம் ஏறவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கொடு என்றது ஒரு கோர்ட், பொறு என்றது உச்ச நீதிமன்றம். சில மாநிலங்களில் ஏறியது, சிலவற்றில் பாதி ஏறியது. ரேஷன் கடை வாசலில் பையோடு நிற்கிறவரிடம் 'இந்த மாசம் சரக்கு வருமா வராதா என்று டெல்லியில் கேஸ் நடக்கிறது' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

நம் ஆட்களையும் விடவில்லை. விசாவும் பாஸ்போர்ட்டும் கட்டணத்தில் ஓடுகிற துறைகள் என்பதால் நிற்கவில்லை. ஆனால் ஹெச்-1பி விசாவில் இருப்பவர் கம்பெனி மாற வேண்டுமானால், புதிய கம்பெனி முதலில் தொழிலாளர் துறையிடம் சம்பள விவரம் கொடுத்து ஒரு சான்று வாங்க வேண்டும். அந்தப் பிரிவு அக்டோபர் முழுக்க ஏறத்தாழ முடங்கிக் கிடந்தது. வேலை போனவருக்கு நாட்டில் தங்கி அடுத்த வேலை தேட 60 நாள் அவகாசம். செப்டம்பர் நடுவில் வேலை இழந்த ஒருவருக்கு அதில் ஒரு மாதம் சும்மாவே கரைந்துபோகும். சென்னையில் இருக்கும் அம்மாவுக்கு வாஷிங்டன் சண்டை இப்படித்தான் போய்ச் சேருகிறது.

செலவாவது மிச்சமானதா? 43 நாளும் வீட்டில் இருந்தவர்களுக்கும் சம்பளம் கொடுத்தாயிற்று, வேலைதான் நடக்கவில்லை. ஆறு வாரம் நீடித்தால் 1,100 கோடி டாலர் மதிப்புள்ள உற்பத்தி திரும்பவே கிடைக்காது என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது. 1948-லிருந்து மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த வேலையின்மை விகிதத்தில் 2025 அக்டோபருக்கு நேரே காலியிடம். வீடு வீடாகக் கேட்க ஆள் போகவில்லை. இனி கேட்கவும் முடியாது.

இங்கே மூடிப் பார்க்கலாமா என்றால், நம் சட்டத்தில் அதற்கு வழி இல்லை. ஒதுக்கீடு இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கஜானாவிலிருந்து, பணம் எடுக்கக் கூடாது என்று நமக்கும் அரசியல் சட்டத்தின் 114-வது பிரிவு சொல்கிறது. முழு பட்ஜெட் தாமதமானால் 116-வது பிரிவின்படி இடைக்காலச் செலவுக்கு அனுமதி வாங்கிக்கொள்வார்கள். மக்களவையில் பண மசோதா தோற்றால் மந்திரிசபையே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் இங்கே யாரும் அந்த விளையாட்டுக்குப் போவதில்லை. அங்கே ஜனாதிபதிக்கும் காங்கிரஸுக்கும் பதவிக்காலம் கெட்டி. பட்ஜெட் நின்றாலும் நாற்காலி ஆடாது.

நீங்கள் கேட்டதில் ஒன்று மட்டும் உண்மை. ஒரு இடம் நிஜமாகவே மூடித்தான் கிடந்தது. காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19-ல் ஓட்டுப் போட்டுவிட்டுக் கலைந்தது. மறுபடி ஓட்டுப் போடக் கூடியது நவம்பர் 12-ல். ஆளுக்கு வருஷம் 1,74,000 டாலர் சம்பளம். அது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை, அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டச் சம்பளக் கணக்கை அங்கிருந்து ஆரம்பிப்பதானால் நானும் பேனாவோடு வருகிறேன்.