சர்ச்சில் சாதி, தீட்டு, விதவைச் சடங்கு மாதிரி விஷயங்களை மனம்விட்டுப் பேச முடியுமா? உங்கள் ஊரில் பேசியிருக்கிறீர்களா?

பேசியிருக்கிறோம். முழுதாக இல்லை. ஒரே ஒரு அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சின்னக் குழு), இரண்டு வருடம், விட்டு விட்டு. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் சபையில் இதைத் தொடங்க நினைக்கிறீர்கள் என்று படுகிறது. அதனால் எங்களுக்கு உதவியதையும் உடைந்து போனதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பழைய கத்தோலிக்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சுற்றிலும் மாந்தோப்பு, நடுவில் கோயில், கோயிலைச் சுற்றி எங்கள் தெருக்கள், ஓடையைத் தாண்டினால் காலனி. எல்லோருக்கும் ஒரே பங்கு (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள சபை), ஒரே பூசை. எங்கள் தர்மபுரி மறைமாவட்டம் 1997ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஊரின் விசுவாசம் அதைவிடப் பல தலைமுறை பழையது, அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அதுக்காக ஜெபிப்போம்." ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என்னை எழுப்பி உட்கார வைத்தது ஜெபமாலைதான். ஆனால் எங்கள் ஊரில் அந்த வார்த்தை பானைக்கு மூடி மாதிரிப் பயன்பட்டது. யாராவது வலிக்கிற இடத்தைத் தொட்டால், தலையைக் குனிந்து அதைச் சொல்லுவோம். பேச்சு நின்றுவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சேலம், தர்மபுரிப் பக்கம் பெண் சிசுக்கொலை பெரிய துயரம். வளர்க்க விரும்பாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கி 2001ல் தர்மபுரிக்கும் வந்தது. அப்போதெல்லாம் எங்கள் கோயிலில் விசுவாசிகளின் மன்றாட்டில் அதற்காக ஜெபித்தோம். கிறிஸ்தவர் வீட்டிலும் நடக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பிரசவம் பார்க்கப் போகிற எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த ஒரு வீட்டுக்கு எட்டாம் நாள் போய், தொட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு அந்த மன்றாட்டுக்கு எல்லோரோடும் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னேன். இன்றுவரை அந்தத் தொட்டில் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இது கத்தோலிக்கரிடம் மட்டும் இருக்கிற பழக்கம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் சபையின் மிஷனரிகள் 1895ல் கிருஷ்ணகிரியில்தான் இந்தியாவில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். அந்தச் சபையில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். அவள் சொல்வதும் இதே கதைதான்.

சரி, எங்கள் ஊரில் பேச்சு எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். 2021 அக்டோபரில் போப் பிரான்சிஸ் கூட்டொருங்கியக்க மாமன்றத்தை (திருச்சபை எல்லோரும் சேர்ந்து நடப்பது பற்றிய சினாடு) தொடங்கிவைத்தபோது, உலகத்தில் உள்ள எல்லாப் பங்குகளிலும் மக்களைக் கேட்டு எழுதி அனுப்பச் சொன்னார்கள். எங்கள் பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. நான்கு பேர் ஆபீசில் உட்கார்ந்து நல்ல வார்த்தைகளாகப் போட்டு ஒரு மாலையில் நிரப்பிவிட்டார்கள். அப்போது எங்கள் கான்வென்ட்டுக்குப் புதிதாக வந்திருந்த சிஸ்டர் ஒருவர், "இதை அன்பியத்தில் கேட்டுப் பார்க்கலாமே" என்றார். எதிர்ப்பு இல்லை. அன்பியத்தில் பேசுவது எங்கே போகப் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

2022 தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி காலனியில் கூட்டம். எங்கள் தெருவிலிருந்து ஏழெட்டு பேர் போயிருந்தோம். தெருவிளக்குக்குக் கீழே பாய் விரித்திருந்தார்கள். சிஸ்டர் கேள்வியை எளிதாக்கிக் கேட்டார்: "இந்தப் பங்குல உங்களுக்கு எது வலிக்குது?"

எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா, கல் குவாரியில் ஜல்லி உடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர், எழுந்து நின்று கேட்டார். "எங்க தெருவுக்குத் தேரு எப்ப வரும்?"

எங்கள் ஊர்த் திருவிழாவில் மாதாவின் தேர் ஓடைக்கரை முனை வரை வந்து திரும்பிவிடும். தெரு குறுகல், கரண்ட் கம்பி தாழ்வு என்று எப்போதும் இரண்டு காரணம் சொல்லப்படும். அந்த ராத்திரி யாரும் அந்தக் காரணங்களைக்கூடச் சொல்லவில்லை. "அதுக்காக ஜெபிப்போம்" என்று ஒரு குரல் வந்தது. சொன்னது நான்தான்.

அவர் உட்காரவில்லை. "ஜெபம் நாங்க நாப்பது வருசமா பண்றோம் நர்சம்மா. நீங்க பதில் சொல்லுங்க."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவருடைய மூன்று மருமகள்களுக்கும் நான்தான் பிரசவம் பார்த்தேன். அத்தனை வருடமும் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். அவரை ஆயா என்று கூப்பிட என் வாய்க்கு ஒருநாளும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு சிஸ்டர் பேசுவதற்கு ஒரு வழிமுறையைக் கொண்டுவந்தார். அந்த மாமன்றத்துக்காக 2023ல் ரோமில் கர்தினால்களும் பொதுநிலையினரும் (குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிகள்) வட்ட மேசைகளில் உட்கார்ந்து பேசினார்களே, அதே முறை. முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பட்டதைச் சொல்ல வேண்டும், யாரும் பதில் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் மௌனம். இரண்டாவது சுற்றில், மற்றவர் சொன்னதில் எது தன்னைத் தொட்டது என்று சொல்ல வேண்டும். மூன்றாவதில்தான் சேர்ந்து பேச்சு. இதோடு எங்கள் ஊருக்கென்று சிஸ்டர் ஒன்றைச் சேர்த்தார்: எல்லோரையும் முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அண்ணா, அக்கா, ஆயா, தாத்தா. இந்தச் சின்ன விஷயம்தான் எங்கள் தெருக்காரர்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் பெயரே சொல்லாமல் "அவங்க" "இவங்க" என்று சமாளித்தார்கள்.

டீயும் அப்படித்தான். காலனியில் அன்பியம் நடந்தால் எங்கள் தெருவிலிருந்து போகிறவர்கள் "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார்கள். இதைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு பையன் நேராகக் கேட்டுவிட்டான். அடுத்த வாரம் ஐந்து டம்ளர் காலியானது. எண்ணிப் பார்த்தேன்.

பங்குத்தந்தை முதல் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று. சாமியார் இருந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வந்து, எதுவும் சொல்லாமல் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். அவர் மறையுரையில் பேசியிருந்தால்கூட அவ்வளவு நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தேர் விஷயத்தில் பையன்கள் டேப் எடுத்து அளந்தார்கள். தேர் ஏழு அடி அகலம், தெரு பதினொன்று. ஈபி லைன்மேனைக் கேட்டால், "பெரிய தெருவுக்கு கரண்ட் நிறுத்தற மாதிரி இங்கயும் நிறுத்திட்டாப் போச்சு" என்றார். இரண்டு காரணமும் அரை நாளில் போய்விட்டன. பங்கின் காரியங்களைப் பேசி முடிவு செய்யும் பங்குப் பேரவையில் அப்புறம்தான் உண்மைக் காரணம் வெளியே வந்தது. எங்கள் தெருக்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று திருவிழா வரி வாங்குவார்கள். காலனியில் வரி வாங்க மாட்டார்கள், கொடுத்தால் காணிக்கை என்று எழுதிக்கொள்வார்கள். வரி கொடுத்தால் உரிமை வந்துவிடும் இல்லையா. நான் பல வருடம் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வரி, காணிக்கை என்ற இரண்டு பத்திகளின் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

பயந்தவர்களை நான் தப்பு சொல்ல மாட்டேன். எறையூரில் 2008 மார்ச்சில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்ட பிரச்சினை கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 2012 நவம்பரில் தர்மபுரிப் பக்கம் நாயக்கன்கொட்டாயில், ஒரு கலப்புத் திருமணத்தைத் தொட்டு நத்தம் காலனி உட்பட மூன்று குடியிருப்புகள் எரிந்தன. அந்தப் புகையை மறக்காதவர்கள் எங்கள் பேரவையில் இருந்தார்கள். "இருக்கிறது இருக்கட்டுமே" என்று அவர்கள் சொன்னதில் வன்மம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது.

பெண்கள் மட்டும் கூடியபோது பேச்சு வேறு பக்கம் போனது. மாதவிடாய் நாளில் நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்காமல் பின்வரிசையில் உட்காருவது எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் வழக்கம். எந்தச் சாமியாரும் சொல்லவில்லை, எங்கள் அம்மாக்கள் சொன்னது. அப்போது சிஸ்டர் ஒரு பழைய கதை சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். போப்பின் தூதராக 1703ல் புதுச்சேரிக்கு வந்த துர்னோன் 1704ல் போட்ட ஆணையில், மாதவிடாயைக் காட்டிப் பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் (குருவிடம் பாவ அறிக்கை செய்வது) விலக்கக் கூடாது என்று இருக்கிறது. நோயாளிகளைப் பார்க்க மிஷனரிகள் சேரி வீடுகளுக்குள் போக வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மிஷனரிகள் அதற்கு இணங்கவில்லை. நாற்பது வருடம் வழக்காடி, கடைசியில் 1744ல் சேரிக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆனது. அந்த ஆணையில் நம் ஊர் வழக்கம் தெரியாமல் எழுதிய தப்புகளும் இருக்கின்றன. ஆனாலும் ஓடைக்கரை முனையில் நிற்கிற எங்கள் தேருக்கு எவ்வளவு வயது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் நான் என் கதையைச் சொன்னேன். என் மகன் கல்யாணத்தில், தாலியைத் தேங்காயோடு தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் தொட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். தாலியில் சிலுவை இருந்தது. தட்டு என் முன்னால் வந்ததும் நாத்தனார் அதைக் கொஞ்சம் உயர்த்தி, என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். நான் விதவை. கோயிலுக்குள், பீடத்துக்கு எதிரே நடந்தது இது. ஆறு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்தபோது யாரும் "ஜெபிப்போம்" என்று சொல்லவில்லை. ஆயா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேரும் இப்படித்தான் கண்ணு எங்களத் தாண்டிப் போவுது" என்றார். நர்சம்மா போய்க் கண்ணு வந்ததை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

உடைந்ததையும் சொல்ல வேண்டும். கலப்புத் திருமணத்தைப் பற்றிப் பேச முடியவில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தோம், கூட்டம் பாதியில் கலைந்தது. எங்கள் பங்குப் பிள்ளைகள் இரண்டு பேர் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூரில் இருக்கிறார்கள், ஊர்த் திருவிழாவுக்கு வருவதில்லை. இந்தப் பேச்சுகள் பிடிக்காமல் இரண்டு குடும்பம் வேறு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். மனம் திறந்து பேசுவதற்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. 1950ஆம் வருட ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு என்று இருந்தது, 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்வரும் புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதிக் கொடுமை ஞானஸ்நானத்தோடு போவதில்லை, பாதுகாப்பு மட்டும் போய்விடுகிறது. அதனால் காலனிக்காரர் ஒருவர் "நான் கிறிஸ்தவன், எனக்கு இப்படி நடந்தது" என்று சொல்வதை யாராவது போனில் பதிவு செய்தால், அவர் பிள்ளையின் எஸ்.சி. சான்றிதழுக்கும், அதை நம்பியிருக்கிற படிப்புக்குமே கேடு வரலாம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஆசையாக வீடியோ எடுத்தபோது, காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு போன் இல்லை, பெயர் எழுதுவதில்லை. பேரவைக்குக் கொண்டுபோவதை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்வோம். உண்மை பேசச் சொல்லுகிற சபை, பேசுகிறவரைக் காப்பாற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

2024 மே மாதத் திருவிழாவில் தேர் காலனிக்குள் போனது. கரண்ட் நிறுத்தினார்கள், வீட்டு வாசலில் எல்லாம் மெழுகுத்திரி. எங்கள் தெருவிலிருந்து தேரோடு உள்ளே நடந்தவர்கள் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் ஓடைக்கரை முனையில் நின்று, தேர் திரும்பி வரும் வரை காத்திருந்தார்கள். வரி நோட்டில் அந்த வருடம் காலனிப் பெயர்களும் முதல் பத்தியில் ஏறின.

ஆயா தேருக்குப் பூ போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "கல்லறையில ஒரு சொவுரு இருக்குதே கண்ணு, அத எப்பப் பேசறது?" என்று கேட்டார். போன வாரம் அன்பியத்தில் அதை எடுத்தோம். முதல் சுற்று முடிந்திருக்கிறது.