மலைநாட்டுப் புரட்டாசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இமாச்சலப் பிரதேசத்தின் மலைக் கிராமங்களில் மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் வரையிலான சில வாரங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு இவ்விதழில் இடம்பெறுகின்றன.

கோத்தகிரி வாசகர்: எங்கள் மலையில் ஐப்பசியில்தான் அடைமழை பிடிக்கும். இமாச்சலத்தில் புரட்டாசியிலேயே மழை நின்றுவிடுமாமே? அதன்பின் அங்குள்ள விவசாயிகளுக்கு என்ன வேலை இருக்கும்? ஆப்பிள் பறிப்பது மட்டும்தானா?

தென்மேற்குப் பருவமழை வழக்கமாகச் செப்டம்பர் கடைசி வாரத்தில் இமாச்சலத்தை விட்டு விலகுகிறது. வடகிழக்குப் பருவமழை அங்கு எட்டுவதில்லை. உயரமான ஊர்களில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து எந்த நாளிலும் பனி விழலாம் என்பதால், வானம் தெளிந்திருக்கும் ஆறு ஏழு வாரங்களுக்குள் ஓர் ஆண்டின் வேலை முழுவதும் வந்து நெருக்குகிறது. மக்காச்சோளக் கதிர்களை ஒடித்துக் கற்பலகைக் கூரைகளின்மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். ராஜ்மா கொடிகளைப் பிடுங்கி அடிக்க வேண்டும். செந்நிறமாக முற்றி நிற்கும் தண்டுக்கீரைத் தானியத்தை அறுக்க வேண்டும். அக்ரூட் மரங்களைக் கழியால் உலுக்க வேண்டும். தாழ்ந்த நிலங்களில் அடுத்த போகத்துக்குக் கோதுமையும் வாற்கோதுமையும் விதைக்க வேண்டும். விறகு சேர்ப்பதும் கூரையைச் சரிபார்ப்பதும் இவற்றுக்கு இடையில்தான் நடக்கின்றன.

ஆனால் இந்த வாரங்களில் மிகுதியான நேரத்தை எடுத்துக்கொள்வது புல்லறுப்பு. வெளியிலிருந்து வருபவர்களின் கண்ணில் படுவது ஆப்பிள் லாரிகள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கிராமத்துக்கு மேலேயும் பக்கவாட்டிலும் உள்ள செங்குத்துச் சரிவுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புல்நிலம் உண்டு. அதைக் காஸ்னி என்கிறார்கள். மழைக்காலம் முழுவதும் அங்கே மாடு ஏற விடமாட்டார்கள். இடுப்பளவு வளர்ந்து பூத்து முற்றியதும், மழை நின்றதை உறுதிசெய்துகொண்டு அரிவாளுடன் ஏறுவார்கள். முன்கூட்டியே அறுத்தால் காயாமல் புழுத்துப்போகும். தாமதித்தால் தண்டு முரடாகிச் சத்தற்றுப்போகும். அறுத்ததை இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்திக் கட்டுகளாகக் கட்டி, மழைநீர் வழிந்தோடும்படி கூம்பாகப் போர் வைப்பார்கள், அல்லது பனியும் மாடும் எட்டாத மரக்கவட்டில் செருகி வைப்பார்கள்.

ஒரு சிறிய நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ உலர்தீவனம் என்று கொண்டால், பனிக்காலத்தின் நான்கு மாதங்களுக்கு ஒரு மாட்டுக்கே 600 கிலோ தேவை. தலைச்சுமையாக 25 கிலோ கொண்டுவர முடியும் என்றால் அது 24 நடை. இரண்டு மாடுகள் உள்ள வீட்டில் கிட்டத்தட்ட ஐம்பது முறை சரிவில் ஏறி இறங்க வேண்டும். பால் குறையும் என்பதற்காக மட்டும் இவ்வளவு பாடுபடுவதில்லை. படிப்படியான வயல்களின் மேல்மண்ணை ஒவ்வொரு மழையும் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகிறது. தொழுவத்தில் விரித்த கருவாலி இலையும் பைன் சருகும் சாணத்தோடு மட்கி உரமாகி வயலுக்குத் திரும்பினால்தான் அடுத்த மகசூல் கிடைக்கும். புல் போதாத ஆண்டில் மாட்டை விற்க நேரும். மாடு போனால் உரமும் போகும். ஆகவே அவ்வூர்களில் குளிர்காலத்துக்கு ஒரு குடும்பம் எந்த அளவுக்குத் தயார் என்பதைத் தெரிந்துகொள்ள, அவர்கள் வீட்டுப் புற்போரைப் பார்த்தால் போதும்.

மதுரை வாசகி: இந்தப் புல்லறுப்பு முழுக்கப் பெண்களின் தலையில்தான் விழுகிறதா? தீவனத்தை விலைக்கு வாங்கிவிட முடியாதா?

பெரும்பகுதி பெண்களின் வேலைதான். ஏர் பிடிப்பது ஆண்களுக்கு உரியது என்ற வழக்கம் அங்கே இன்னும் வலுவாக இருக்கிறது. பழப்பெட்டிகளைச் சந்தைக்கு அனுப்புவதும் ஆண்களின் பொறுப்பு. இராணுவத்திலோ நகரங்களிலோ வேலைக்குப் போனவர்களும் பலர். புல், விறகு, தண்ணீர், தொழுவம் ஆகியவை பெண்களுக்கு என்று ஆகிவிட்டன. சரிவில் ஒரு கையால் புல்லைப் பற்றிக்கொண்டு மறுகையால் அறுக்கும்போது கால் இடறினால் பிடிமானம் எதுவும் கிடையாது. பாம்பும் குளவிக் கூடும் புல்லுக்குள் மறைந்திருக்கும். இதே வாரங்களில்தான் கரடிகளும் குளிர்கால உறக்கத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்க்க மக்காச்சோளத்தையும் பழத்தையும் கருவாலிக் கொட்டையையும் தேடி ஊரோரம் இறங்குகின்றன. புல்லுக்குப் போன பெண்ணைக் கரடி தாக்கியது என்ற செய்தி மலை மாவட்டங்களில் ஆண்டுதோறும் கேட்கப்படுவது. இதனால்தான் தனியாகப் போகாமல், இன்று ஒரு வீட்டுக் காஸ்னி, நாளை மற்றொரு வீட்டுக் காஸ்னி என்று கைமாற்று முறையில் கூட்டமாக அறுக்கிறார்கள். அந்த வழக்கம் பாதுகாப்புக்கும் உதவுகிறது, வேலையும் விரைவில் முடிகிறது.

பஞ்சாபிலிருந்து கோதுமை வைக்கோல் லாரிகளில் வருகிறது. பலர் வாங்கவும் செய்கிறார்கள். சாலையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் சேர்ந்து விலை கட்டுப்படியாவதில்லை. நிலச்சரிவில் சாலை அடைபட்டால் லாரியே வராது. அண்டை மாநிலமான உத்தராகண்டில் 2021-ஆம் ஆண்டு, புல்லறுக்கும் பெண்களின் சுமையைக் குறைப்பதற்கென்றே, பதப்படுத்திய பசுந்தீவனத்தை மூட்டைகளாக மானிய விலையில் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஊருக்குப் பக்கத்திலேயே தீவனம் கிடைக்கச் செய்யும் இந்த வழி சரியானது என்பது என் கருத்து. ஒரு பெண் புரட்டாசி ஐப்பசி முழுவதும் செய்யும் வேலை குடும்பக் கணக்கிலும் அரசின் கணக்கிலும் கூலியாகப் பதிவாவதில்லை. அந்த உழைப்புக்கு விலையே இல்லை என்று எண்ணுவதால்தான், விலைக்கு வாங்கும் தீவனம் பலருக்கு அநாவசியச் செலவாகத் தோன்றுகிறது.

தஞ்சாவூர் வாசகி: மழைக்காலம் முடிவதைக் கொண்டாடும் பண்டிகை ஏதேனும் உண்டா?

உண்டு. மண்டி, குல்லு, காங்ரா, சிம்லா, சோலன் பகுதிகளில் ‘சைர்’ என்ற பண்டிகை சூரிய மாதக் கணக்கில் அசுவினி மாதத்தின் முதல் நாள், அதாவது நமது புரட்டாசி முதல் தேதியை ஒட்டி வருகிறது. புதிய மக்காச்சோளக் கதிர், நெற்கதிர், வெள்ளரி, நாரத்தை இனத்துக் காய், அக்ரூட் ஆகியவற்றை வைத்துப் பூசை செய்கிறார்கள். இளையவர்கள் அருகம்புல்லோடு அக்ரூட் கொட்டைகளைப் பெரியவர்கள் கையில் கொடுத்துக் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். சிறுவர்களுக்கு அன்று அக்ரூட் கொட்டைகளே கோலிக்குண்டு.

இதற்கு முந்தைய மாதம், நமது ஆவணி, அங்கே ‘கறுப்பு மாதம்’ எனப்படும். புதிதாக மணமான பெண்கள் அம்மாதத்தைத் தாய்வீட்டில் கழித்துவிட்டுச் சைருக்குப் பின்பே கணவன் வீடு திரும்புவார்கள். நம் ஆடி மாத வழக்கத்தை நினைவூட்டும் இந்த ஒற்றுமை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. பெருமழையில் ஓடைகள் பெருகிப் பாதைகள் சரியும் மாதம் கழிந்ததும், அறுவடைக்கும் புல்லுக்கும் ஆள் தேவைப்படும் நேரத்தில் மருமகள் வீடு வந்து சேர்கிறாள்.

கின்னௌரில் இதே பருவத்தில் பூக்களின் திருவிழா நடக்கிறது. ஊருக்கு ஊர் தேதி வேறுபடும். ஆட்கள் உயர்ந்த புல்வெளிகளுக்கு ஏறிப்போய்ப் பிரம்மகமலம் போன்ற மலர்களைக் கொய்துவந்து ஊர்த் தெய்வத்துக்குச் சார்த்துவதோடு, அவ்விழாவில் இறந்தவர்களையும் நினைவுகூர்கிறார்கள்.

சிவகங்கை வாசகர்: எங்கள் பக்கம் கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிடை போடுவார்கள். இமயமலையில் அப்படி உண்டா?

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான பதில் ‘கத்தி’ (Gaddi) என்ற இனத்து இடையர்கள். சம்பா மாவட்டத்தின் பர்மௌர் பகுதி அவர்களின் தாயகம். கோடையில் மந்தைகளை லாகௌலின் உயர்ந்த புல்வெளிகளுக்கு ஓட்டிச்செல்கிறார்கள். 5,000 மீட்டருக்கு மேல் உள்ள குக்தி கணவாய் போன்ற வழிகளில் பனி மூடுவதற்குள், ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் திரும்பிவிட வேண்டும். பிறகு தௌலாதார் மலைத்தொடரையும் இந்திரஹார், ஜால்சூ முதலிய கணவாய்கள் வழியாகக் கடந்து, காங்ராவின் அடிவாரக் காடுகளில் குளிர்காலத்தைக் கழிப்பார்கள். இறங்கும் வழியில் இலையுதிர்காலத்து மயிர் கத்தரிப்பு நடக்கும். வழியில் ஈன்ற குட்டியை, கனத்த கம்பளி அங்கியை இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அந்த மடிப்புக்குள் வைத்துத் தூக்கிவருவார்கள்.

கிடை போடுவதும் உண்டு. தாழ்நிலத்து விவசாயிகள் கோதுமை விதைப்புக்கு முன் தங்கள் வயலில் மந்தையை இரவில் தங்கவைக்கச் சொல்லி, அதற்காக இடையர்களுக்குத் தானியமோ பணமோ கொடுப்பார்கள். உரத்துக்கும் மேய்ச்சலுக்குமான இந்த உடன்பாடு வனத்துறையின் மேய்ச்சல் அனுமதிச் சீட்டைப் போலவே அவர்களின் பயணத்தை நிர்ணயிக்கிறது. அடிவாரக் காடுகளில் உண்ணிச்செடி பரவிப் புல்லை நெருக்கி அழித்துவருவது அவர்களுக்கு இப்போதுள்ள பெருங்கவலை.

சேலம் வாசகர்: ஆப்பிளால் மலைவாசிகள் செழித்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

செழித்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து 1904-இல் வந்து, பின்னர் சத்தியானந்தர் எனப் பெயர் மாற்றிக்கொண்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916 வாக்கில் கோட்கட்டில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டதிலிருந்து சிம்லா மலைகளின் பொருளாதாரமே மாறியது. தாழ்ந்த தோட்டங்களில் ஜூலையில் தொடங்கும் பறிப்பு உயரம் கூடக்கூடப் பிந்தி, கின்னௌரின் மேல்பகுதிகளில் அக்டோபர் வரை நீள்கிறது. வீடு எழுந்ததும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் அந்தப் பணத்தால்தான்.

ஆயினும் பல ஊர்களில் ஆப்பிள் மரங்கள் நின்றது பழைய மக்காச்சோள வயல்களிலும் காஸ்னிகளிலும். மரங்களுக்கிடையில் முளைக்கும் புல்லை அறுக்கிறார்கள் என்றாலும், பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் புல்லை உடனே மாட்டுக்குப் போட முடியாது. மாடுகள் குறைந்தன; உரம் மூட்டையில் வந்தது; கறவை நின்ற மாடுகளைச் சாலையில் விட்டுவிடும் வழக்கமும் வந்தது. பழத்தின் விலையும் அவர்கள் கையில் இல்லை. பெரிய பெட்டிகளில் அதிகப் பழத்தை அடைத்துப் பெட்டிக் கணக்கில் விற்ற முறையை மாற்ற, 2024 பருவத்திலிருந்து ‘யுனிவர்சல் கார்ட்டன்’ என்ற ஒரே அளவுப் பெட்டி கட்டாயமாக்கப்பட்டது நல்ல நடவடிக்கை.

சென்னை வாசகர்: பனிக்கால உணவை இன்னும் சேமித்து வைக்கிறார்களா? சுரங்கப்பாதை வந்தபின் அது தேவையில்லை அல்லவா?

9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-இல் திறக்கப்படும் வரை, ரோத்தாங் கணவாய் மூடினால் லாகௌல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய ஆறு மாதம் துண்டிக்கப்பட்டுவிடும். இப்போது நோயாளியை மணாலிக்குக் கொண்டுபோக முடிகிறது, கடையில் காய்கறி கிடைக்கிறது. இருந்தும் பனிச்சரிவில் சாலை சில நாள் மூடுவது உண்டு என்பதால் சேமிப்பு நின்றுவிடவில்லை. கீரையையும் டர்னிப்பையும் வற்றலாக்குகிறார்கள். ஆப்ரிகாட் பழத்தை உலர்த்திக் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். மண்டிப் பக்கத்தில் உளுந்து அரைத்து இடும் வடகம் நம் வீட்டு வடகத்துக்கு உறவுதான்.

பனி எப்போது விழும் என்று நாள்காட்டியை நம்பி இருக்கவும் முடியாது. 2018 செப்டம்பர் நான்காம் வாரத்தில் லாகௌலில் பெரும்பனி கொட்டி நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். இலை உதிர்ந்த மரத்தின் இடுக்குகளில் பனி நழுவி விழுந்துவிடும்; இலையும் பழமும் நிறைந்த மரத்தில் அது தங்கிக் கிளைகளை முறித்துப்போடும். அந்த ஆண்டு ஆப்பிள் மரங்களுக்கு நேர்ந்தது அதுதான். அறுக்காத புல்லும் பனிக்கடியில் படுத்துவிட்டால் தீவனமாகத் தேறாது.

கோயம்புத்தூர் வாசகி: குடும்பத்தோடு அக்டோபரில் போக எண்ணுகிறோம். கிராமங்களைப் பார்க்கலாமா? எவற்றைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாகப் போகலாம். விஜயதசமியன்று தொடங்கி ஏழு நாள் நடக்கும் குல்லு தசராவுக்கு ஊர்த் தெய்வங்களெல்லாம் பல்லக்கில் வருகின்றன. ஊர்மக்கள் பனிக்காலத்துக்கான கம்பளிகளையும் பாத்திரங்களையும் அங்கேதான் வாங்குகிறார்கள். தாமதமாகப் போனால் நவம்பர் 11 முதல் 14 வரை ராம்பூரில் நடக்கும் லாவி சந்தையைக் காணலாம்.

கிராமத்துப் பாதையில் சுமையோடு ஒருவர் வந்தால் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நின்று அவரைப் போகவிடுங்கள். பள்ளத்தின் விளிம்பில் நிற்காதீர்கள். புல்லறுக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். அக்டோபரில் காய்ந்திருக்கும் புல்லில் ஒரு நெருப்புப் பொறி விழுந்தாலும் சரிவு முழுவதும் எரிந்துபோகும் என்பதால் அங்கே அடுப்பு மூட்டவோ புகைக்கவோ வேண்டாம் என்று உடன்வருபவர்களிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. அறுக்காமல் பொன்னிறமாக நிற்கும் புல்வெளியைப் பார்த்தால் குழந்தைகள் ஓடி விளையாட ஆசைப்படுவார்கள். அது ஒரு வீட்டு மாடுகளின் தை மாதத் தீவனம் என்று சொல்லி, அறுத்து முடித்த நிலத்தில் விளையாடச் செய்யுங்கள்.