ஞாபகம் தப்பிய நாயகன்

கேள்வி: ‘ரூன் ஃபேக்டரி’ என்ற உழவு வீடியோ விளையாட்டுத் தொடரின் பாகங்கள் பலவற்றில் நாயகனுக்கு ஞாபகம் தப்பியிருக்கிறதே, ஏனுங்க? மஞ்சள் காட்டை வைத்து நாங்களும் ஒரு விளையாட்டு எழுதுகிறோம்.
– வாசகர், அந்தியூர்

பதில்: ஆடுபவருக்கும் ஊர் புதுசு. நாயகனுக்கு எதுவும் நினைவில்லை என்றால், மண்வெட்டி பிடிப்பது முதல் ஊரார் உறவுவரை பிறர் சொல்லித் தருவது உறுத்தாது. ஆனால் அந்த மர்மத்தை அடிக்கடி தொடாவிட்டால் உழவு மும்முரத்தில் மறந்துபோகும். 2016இல் வந்த ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற உழவு விளையாட்டுக்கு, நாயகனை ஊருக்கு வரவழைக்கத் தாத்தாவின் கடிதம் ஒன்றே போதுமானதாக இருந்தது, எங்களுக்கு அதுவே பிடிக்கும்.

‘ஸ்டார்டியூ வேலி’யில் ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கு 28 நாள். ஒரு கதைக் காட்சி வருவதற்கு மழை, பருவம், நட்பு மூன்றையும் நிபந்தனையாக்கினால், தவறவிட்டவர் அடுத்த ஆண்டுவரை, 112 நாள், காத்திருக்க நேரும். இரண்டோடு நிறுத்துங்கள். மஞ்சள் ஏறக்குறைய 9 மாதப் பயிர். அதை மூன்று பருவம் நிற்கவிட்டு, கிழங்கு வெட்டும் நாளில் கதை முடிச்சை அவிழுங்கள்.