கோடையில் எலியின் கண்ணோரம் சிவப்பது ஏன்?

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.பார்ம் படிக்கிறேன். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டுச் சர்க்கரை நோய் உண்டாக்கிய விஸ்டார் இன வெள்ளை எலிகளில் ஒரு மூலிகைச் சாற்றைச் சோதித்து வருகிறேன். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து சில எலிகளுக்குக் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசிகிறது. கரண்ட் போனால் அறை கொதிக்கிறது. அனிமல் ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், "சூட்டுல வர்ற ரத்தம்தாம்மா, தானா சரியாயிரும்" என்கிறார். சர்க்கரை அளவும் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுகிறது. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: அது பெரும்பாலும் ரத்தமாக இருக்காது. எலியின் விழிக்குப் பின்னால் ஹார்டேரியன் சுரப்பி என்று ஒன்று உண்டு. கண்ணை ஈரமாக வைத்திருக்கும் அதன் சுரப்பில் போர்ஃபிரின் என்ற நிறமி கலந்திருக்கிறது. காய்ந்தால் ரத்தம் போலவே தெரியும். சந்தேகம் தீர வேண்டுமானால் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, கடைகளில் கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் அந்தப் பஞ்சைப் பிடியுங்கள். போர்ஃபிரின் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் கருத்தே தெரியும். விளக்கை எலியின் முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள். வெள்ளை எலியின் கண் வெளிச்சம் தாங்காது.

ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடக் கூடாது. தெம்பாக இருக்கும் எலி முன்னங்கால்களால் முகத்தை அடிக்கடி துடைத்துக்கொள்ளும், சிவப்பு தங்கவே தங்காது. தங்கிவிட்டது என்றால் சுரப்பு கூடியிருக்கிறது, இல்லையேல் துடைத்துக்கொள்ளக்கூட அதற்கு முடியவில்லை. வலி, பயம், தாகம், அமோனியா நெடி, மூச்சுக்குழாய்த் தொற்று என எதனாலும் இது வரலாம்.

உங்கள் கூடத்தில் நான் முதலில் பார்ப்பது தண்ணீரையும், கூண்டின் தரையில் பரப்பியிருக்கும் உமியையும்தான். 200 கிராம் எலி சாதாரணமாக நாளுக்கு 20 முதல் 25 மில்லி தண்ணீர் குடிக்கும். சர்க்கரை நோய் வந்த எலி 100 மில்லிக்கு மேலும் குடிக்கும். மற்றக் கூண்டுகளைப் போல இதற்கும் ஒரே பாட்டில் வைத்தால் விடிவதற்குள் காலியாகிவிடும், கோடையில் கேட்கவே வேண்டாம். கூண்டுக்கு இரண்டு பாட்டில் வையுங்கள், காலை மாலை இரண்டு வேளையும் பாருங்கள். பாட்டிலில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குழாய் முனையை விரலால் தொட்டுச் சொட்டு வருகிறதா என்றும் பாருங்கள். உமித் துணுக்கு அடைத்துக்கொண்டால் நிறைந்த பாட்டிலுக்குக் கீழேயே எலி தாகத்தில் கிடக்கும்.

குடிக்கிற தண்ணீரெல்லாம் சிறுநீராக உமியில்தான் இறங்கும். வாரம் இரண்டு முறை மாற்றுகிற வழக்கம் இந்த எலிகளுக்குச் சரிப்படாது, தினமும் மாற்ற வேண்டும். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா நெடி நம் மூக்குக்கு எட்டும்போது, தரையோடு மூக்கை வைத்திருக்கும் எலி அதை எவ்வளவோ நேரமாகச் சுவாசித்திருக்கும். ஏசி நின்று கதவும் சாத்தியிருக்கும் மதிய வேளையில் இது இன்னும் மோசம். தூசு பறக்கும் உமியும் கண்ணையும் மூக்கையும் உறுத்தும், சலித்து ஆட்டோகிளேவ் செய்தபின் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கியபின்) போடுங்கள்.

அடுத்தது சூடு. விலங்குக் கூடம் 18 முதல் 29 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வால் வழியாகத்தான் சூட்டைக் கணிசமாக வெளியேற்றும், அதுவும் போதாதபோது எச்சிலை உடம்பில் பூசிக்கொள்ளும். தாடையும் கழுத்தும் நனைந்து, வயிறு தரையில் பட நீட்டிப் படுத்திருக்கும் எலி ஆபத்தில் இருக்கிறது. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, வாலையும் பாதங்களையும் சாதாரண தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் வேண்டாம், ரத்தக்குழாய் சுருங்கி உள்ளிருக்கும் சூடு வெளியேறாமல் நின்றுவிடும். ஏர்கூலரையும் நான் ஆதரிக்க மாட்டேன், மூடிய அறையில் ஈரப்பதம் ஏறிப் புழுக்கம்தான் கூடும். எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஒரு ஏசியையும் ஜெனரேட்டர் இணைப்பில் சேர்க்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். கூண்டுகளை அடுக்காகச் சேர்த்து வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். அறையில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் தொங்க வேண்டும். இரவில் எத்தனை டிகிரி வரை போனது என்பது அது இல்லாமல் யாருக்கும் தெரியாது.

சர்க்கரை அளவு மாறுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பயமும் சூடும் அட்ரினலின், கார்டிகோஸ்டீரோன் என்ற பதற்ற ஹார்மோன்களை ஏற்றும், அவை ரத்தச் சர்க்கரையை ஏற்றும். வால் நுனியைப் பிடித்துத் தூக்கி, திமிறத் திமிற ரத்தம் எடுத்தால் சாற்றின் குணம் அந்த எண்ணில் தெரியாது. சோதனைக்கு முன் சில நாட்கள் தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள், மார்பின் கீழ் கைகொடுத்து, பின்னங்கால்களையும் தாங்கித் தூக்குங்கள். ரத்தம் எடுக்கும் நேரமும் எடுக்கிற ஆளும் மாறாமல் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையவில்லை என்றாலோ, மூச்சில் கரகரப்புச் சத்தம் கேட்டாலோ தொற்றாக இருக்கலாம். அந்த எலியைத் தனியே பிரித்துவிட்டு, விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் உங்கள் நெறிமுறைக் குழுவில் இருக்கும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குப் பக்கம்தான். எடையைத் தினமும் குறித்து வாருங்கள். இந்த நோயில் எடை குறையத்தான் செய்யும், ஆனாலும் தொடக்க எடையில் 20 சதவீதம் குறைந்தால் ஆய்விலிருந்து விலக்குவது பரவலான வழக்கம். உங்கள் அனுமதிக் கடிதத்தில் என்ன வரம்பு இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரு எலியை விலக்கினால் தீசிஸ் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், காரணத்தோடு எழுதினால் தேர்வாளர் ஏற்றுக்கொள்வார். அந்த அண்ணனிடம் ஊதா விளக்கு சோதனையைக் காட்டிவிடுங்கள். தினமும் எலிகளை முதலில் பார்ப்பது அவர்தான், சிவப்பு கண்ட அன்றைக்கே உங்களிடம் சொல்வார்.